தூக்கு நிறையச் சீம்பால்

அந்த ஜன்னலைச் சித்தச் சாத்திப்போடுங்க தம்பி. குளிருக்காகச் சொல்லலீங்க, இந்தத் தூக்குப்போசிக்குத்தான். ரோட்டுப் புழுதி பூராம் மூடிச் சந்துல எறங்குது. உள்ள சீம்பாலுங்க. நேத்து மத்தியானம் எங்க எருமை ஈனுச்சு. இது இன்னிக்கு வெடியால கறந்தது. மூடிமேல துணியைக் கட்டி மடியில வெச்சுப் புடிச்சுட்டு வர்றேன். அப்படியும் இந்த டிரைவர் ஒவ்வொரு மேட்டுலயும் தூக்கித் தூக்கிப் போடறான். கீழ வெக்கலாம்னா எவனாச்சும் காலால தட்டி உட்ருவான்.

நீங்க எங்க எறங்கறீங்க? குன்னத்தூருங்களா? நல்லதாப் போச்சு. எனக்கு அதுக்கு முன்னாடி, புளியங்காட்டுப்பாளையம் பிரிவு. சம்மந்தி ஊடு அங்கதான். மருமகளைக் கூப்பிட்டு வரப் போறேன். கூப்பிடறதுன்னா கெஞ்சறது இல்லீங்க, அந்தப் பேச்சே கிடையாது. நேராப் போவேன். நடு ஊட்ல இந்தத் தூக்கை வெப்பேன். மூடியைத் திறந்து காட்டுவேன். "பாரம்மிணி, ஒட்டக் கறந்திருக்கறேன், எருமை நல்லா நிக்குது, இப்ப என்ன சொல்றே?"ன்னு ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான். அவளே பையை எடுத்துட்டுக் கெளம்பிருவா.

என்ற பேரு சென்னியப்பனுங்க. எங்கூர்ல வந்து வெறும் சென்னியப்பன்னு கேட்டா ஆருக்கும் தெரியாது. கறவைச் சென்னியப்பன்னு கேக்கோணும். நாப்பது வருசமா ஊடு ஊடாப் போய்க் கறந்த கை இது. உதைக்கற மாடு, பாலை ஒளிக்கற மாடு, எதுன்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. மத்தவன் கறந்துட்டு எந்திரிச்ச மடியில நான் உக்காந்து இன்னொரு அரைச் சொம்பு எடுத்துக் காட்டிருக்கறேன், அவன் கண்ணு முன்னாலயே. ஒட்டக் கறக்கறதுன்னா என்னன்னு தெரியுங்களா? மடியில ஒரு சொட்டு இருக்கக் கூடாது. கறந்து முடிச்சா காம்பு பிழிஞ்சு போட்ட துணியாட்டத் தொங்கோணும். மிச்சம் வெச்சா மடி வீங்கும், பால் அடுத்த வேளைக்குக் கொறையும். இது எனக்கு ஆரும் சொல்லிக் குடுக்கலீங்க, என்ற கைக்கே தெரியும்.

அந்தக் கையைத்தான் அவ வேண்டாம்னுட்டா. கோகிலவாணி. மருமக. பத்து நாளாச்சுங்க.

இது எந்த ஸ்டாப்புங்க? இன்னும் பாதி வழிகூட வரலையா? என்ன பஸ்ஸுங்க இது, ஆளே நிக்காத எடத்துலயும் நிறுத்தறான்.

முன்னயிருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். எருமை பேரு சுட்டி. நெத்தியில வெள்ளை இருக்குமுங்க, அதான். போன வருசம் ஐப்பசியில மூணாவது ஈத்து. எங்க வளவுல எங்கூடு போகப் பதினாறு ஊடு. ஒரு ஊட்ல மாடோ எருமையோ ஈனுச்சுன்னா அன்னிக்கே அத்தனை ஊட்டுக்கும் சீம்பால் போகோணும், ஒரு ஊடு விடக் கூடாது. கருப்பட்டி போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு வேக வெச்சா, கத்தியில வெட்டித் திங்கலாம். சின்னதுக தட்டைத் தூக்கிட்டு வாசல்லயே நிக்கும். எங்கூட்டுச் சீம்பாலுக்குன்னு ஒரு பேரு இருக்குதுங்க. மத்தவிய ஊட்ல இருந்து அரை டம்ளர் வரும். எங்கூட்ல இருந்து ஆளுக்கு ஒரு சொம்பு.

அன்னிக்குப் பதினஞ்சு ஊட்டுக்கு ஊத்தியாச்சு. பதினாறாவது பாவாயி ஊடு, பக்கத்து ஊடுதான். போசியைச் சாய்ச்சுப் பாத்தா அடியில கொஞ்சம்தான் கெடக்குது. அதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன நெனைப்பா? மறுபடியும் போய் மடியில உக்காந்தேன். காஞ்ச மடி. பிழிஞ்சு பிழிஞ்சு முக்காச் சொம்பு எடுத்துட்டேன்ல. எருமை பின்னங்காலை மாத்தி மாத்தி வெச்சுது. உட்டனா? உடல. கொண்டுபோய்க் குடுத்தா, பாவாயி வாங்கிட்டு ஒரு பார்வை பாத்தா. "இவ்வளவு பாலா குடுக்குது உன்ற எருமை?"ன்னா. அந்தப் பார்வை எனக்கு அப்பவே சரிப்படல.

அடுத்த நாள் வெடியால எருமை எந்திரிக்கலீங்க. உக்காந்துட்டு, கழுத்தை அப்படியே வவுத்துப் பக்கம் மடிச்சு வெச்சிருக்குது. நேரா இழுத்து விட்டாலும் திரும்ப அங்கதான் போகுது. மூக்கு வறண்டு கெடக்குது. சாணி போடல. காதைத் தொட்டா சில்லுன்னு, செத்ததோட காதாட்டம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்களே சொல்லுங்க, கண்ணு பட்டதா இல்லையா? முந்தின நாள் பாவாயி பாக்கறா, மக்கா நாளு எருமை உக்காந்துக்குது.

கோகிலாதான் ஸ்கூட்டியை எடுத்துட்டுப் போய் மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வந்தா. கால்சியம் பாட்டில் ரெண்டு. கழுத்து நரம்புல ஊசியைக் குத்தி மெதுவா ஏத்தினாரு. வேகமா ஏத்தினா நெஞ்சு நின்னு போயிருமாம். இவதான் பாட்டிலைத் தூக்கிப் புடிச்சுட்டு நின்னா. கை மரத்துப்போச்சு, அடுத்த கைக்கு மாத்தி மாத்திப் புடிக்கறா. நானும் சும்மா நிக்கலீங்க. உப்பும் வரமொளகாயும் எடுத்து எருமையை மூணு சுத்துச் சுத்தி அடுப்புல போட்டேன். நெடியே வரல பாத்துக்குங்க! அவ்வளவு கடுமையான கண்ணு. கொஞ்ச நேரத்துல எருமைக்கு ஒடம்பு ஒரு நடுக்கு நடுக்குச்சு, ஏப்பம் விட்டுது, சாணி போட்டுது. முக்கா மணி நேரத்துல எந்திரிச்சு நின்னு சோளத்தட்டுக்கு வாயை நீட்டுது. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்ததுங்க, அவரு ஊசியும் நான் சுத்தினதும். எது கேட்டுதுன்னு ஆரு சொல்றது?

ஆனா பேரு பூராம் டாக்டருக்குப் போயிருச்சு. பால் காய்ச்சல்னாரு. எருமை பச்சைத் தண்ணியாட்டச் சில்லுன்னு கெடக்குது, அதுக்குப் பேரு காய்ச்சலாம்! அவருக்கு முப்பது வயசு இருக்குங்க, நல்ல பையன்தான். ஈனுன ஒடனே ஒடம்புல இருக்கற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்கு எறங்கிருதாம். எலும்புல இருந்து எடுத்துக் குடுத்து ஒடம்பு ஈடுகட்ட ரெண்டு மூணு நாள் ஆகுமாம். அதுக்குள்ள நாம மடியை வறட்டிப்போட்டா ரத்தத்துல ஒண்ணும் மிஞ்சாதாம், கால் நிக்காதாம். "நல்லாக் கறக்கற எருமைக்குத்தாங்க இது வரும். மொத மூணு நாளைக்குக் கண்ணுக்குட்டிக்கு வேணுங்கறதை மட்டும் கறங்க, பாதியை மடியிலயே உடுங்க. ஒரு தடவை வந்தா அடுத்த ஈத்துலயும் வரும், சூதானமா இருங்க"ன்னாரு. நான் தலையை ஆட்டினேன். வந்த மனுசனுக்கு மரியாதை குடுக்கோணும்ல. இவ என்னடான்னா உள்ள போய் ஒரு நோட்டை எடுத்துட்டு வந்து அத்தனையும் எழுதிக்கறா.

அந்த நோட்டுதாங்க குடும்பத்தைக் கெடுத்துது.

ஏனுங்க கண்டக்டரே, இன்னும் எத்தனை நேரமாகும்? அரை மணியா? சரி சரி.

எங்க உட்டேன்? ஆங். இந்த ஈத்துக்கு எருமை செனை நெறைஞ்சு நிக்குது. பால் சொசைட்டியில நான் கறந்த ஊராமூட்டுப் பாலை ஊத்தற நேரம், வரிசையில இருபது பேரு இருக்கறாங்க. அங்க வெச்சுச் சொல்றா: "மாமா, இந்தத் தடவை மொத மூணு நாளைக்கு நான் கறந்துக்கறேன். நீங்க கட்டுத்தரைப் பக்கம் வர வேண்டாம்." மெதுவாத்தான் சொன்னா. ஆனா வரிசைக்கே கேட்டுப்போச்சுங்க. எவனோ பின்னாடி, "கறவைச் சென்னியப்பனையே கறக்க வேண்டாங்கறாங்களாமா"ன்னு சிரிச்சான். எனக்குக் காதெல்லாம் சுட்டுப் போச்சு. நாப்பது வருசம் தம்பி. இந்தக் கையை எங்க ஒளிக்கறதுன்னு தெரியாம துண்டுக்குள்ள சுத்திக்கிட்டு ஊடு வந்து சேந்தேன்.

ஊட்ல வந்து நானும் கத்தினேன். "இது என்ற எருமை. நான் கறக்கறேன், நான் கறக்காம போறேன். என்ன, உங்கப்பன் ஊட்ல இருந்தா ஓட்டிட்டு வந்தே?"ன்னு கேட்டுப்போட்டேன்.

ஓட்டிட்டு வந்ததுதாங்க. கல்யாணத்தப்ப கெடேரிக் கண்ணுக்குட்டியா இருந்ததை அவங்கப்பன்தான் வண்டியில ஏத்தி அனுப்பினாரு. அது வேற விசயம். கோவத்துல ஒரு வார்த்தை வரும்தானுங்களே? அவ நேரா அடுப்படிக்குப் போயிட்டா. அதான் எனக்குப் பெரிய ரோதனை. பேசினா நானும் பேசியிருப்பேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தினா. எருமைக்குத் தட்டு அறுத்துப் போட்டா. ஒரு மருந்து பாட்டிலைக் கொண்டு வந்து கட்டுத்தரை ஜன்னல்ல வெச்சு, "ஈனுன ஒடனே இதை ஊத்தி உடுங்க மாமா"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தா. அவ்வளவுதான். மகன் நவநீதன் திருப்பூர்ல பனியன் கம்பெனி, வாரத்துக்கு ஒருக்காத்தான் வருவான். வந்தவன், "நீங்களே போய்க் கூப்பிடுங்கப்பா, நான் போனா அவ கேக்க மாட்டா"ன்னுட்டான்.

அந்த மருந்துங்களா? அந்த ஜன்னல்லயேதான் இருக்குது. நல்லா நிக்கற எருமைக்கு எதுக்குங்க மருந்து?

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, ஊடு ஊடா இல்லீங்க தம்பி. என்ற சம்சாரம் போய் ஆறு வருசமாச்சு. அப்பக்கூட இப்படி இருக்கல, ஏன்னா இவ இருந்தா. பத்து நாளா ஒரு நாளு புளிச்சாறு, ஒரு நாளு வெறும் ரசம். ரோட்ல ஸ்கூட்டி சத்தம் கேட்டாப் போதும், எருமை காதைத் தூக்கிட்டுப் பாக்குது. நானும் பாக்கறேன். வேற எவனாவது போவான். அவ தெனமும் பாவாயிக்கு ஃபோன் பண்ணி எருமை எப்படி இருக்குதுன்னு கேக்கறாளாம். எங்கிட்டக் கேக்க மாட்டாளாம். இந்த ஃபோன்ல ரெண்டாம் நம்பரை அழுத்திப் புடிச்சா அம்மிணிக்குப் போகும், மகன் அப்படிப் பண்ணிக் குடுத்திருக்கறான். தெனமும் அந்த ரெண்டுமேல வெரலை வெப்பேன், எடுத்துக்குவேன்.

சரி, ஈனட்டும், அப்பறம் காட்டறேன்னு இருந்தேன். நேத்து மத்தியானம் ஈனுச்சு. கெடேரிக் கண்ணுக்குட்டி, அதுக்கும் நெத்தியில வெள்ளை! நஞ்சுக்கொடியும் நேரத்துக்கு உழுந்துருச்சு. சாயங்காலம் பொழுதோட உக்காந்தேன் பாருங்க, பதினாறு ஊட்டுக்கும் பதினாறு சொம்பு. இந்தத் தடவை நானு சூதானமா ஒரு வேலை பண்ணினேன். மொத சொம்பே பாவாயிக்குத்தான். தலை தட்டாம, நொரையோட. "உனக்குத்தான் மொதல்ல"ன்னு சொல்லியே குடுத்தேன். இனி அவ எதுக்குங்க கண்ணு வெக்கறா? சந்தோசமா வாங்கிட்டுப் போனா. கண்ணுக்கு வழியே இல்லாம அடைச்சுட்டேன்.

இன்னிக்கு வெடியால இந்தத் தூக்குக்கு. கண்ணுக்குட்டியைக் காட்டி, காம்பைத் தொட உட்டுச் சொரக்க வெச்சு, இழுத்துக் கட்டிட்டு உக்காந்தேன். இதென்ன, நாலு லிட்டர் புடிக்கற தூக்கு. கழுத்து வரைக்கும். இதுக்கு மேலயும் வந்துச்சுன்னா பாத்துக்குங்களேன். எருமையும் அத்தனை சாது இன்னிக்கு. வழக்கமா வாலைச் சுழட்டி மூஞ்சியில ஒண்ணு போடும். இன்னிக்கு வாலே அசைக்கல. பின்னங்கால் மட்டும் லேசா நடுங்குச்சு. தட்டுப் போட்டேன், மோந்து பாத்துட்டு நின்னுக்குச்சு. ஈனுன அசதி. காதைக்கூடத் தடவிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.

என்னங்க கேட்டீங்க? காதா? ஆமாங்க, சில்லுன்னுதான் இருந்துச்சு. மார்கழி மாசமுங்க தம்பி. என்ற காதும்தான் சில்லுன்னு இருந்துச்சு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நின்னுட்டு இருந்துச்சுங்க. நான் கெளம்பறப்ப நின்னுட்டுத்தான் இருந்துச்சு. பாவாயிகிட்டச் சாவியைக் குடுத்து, சித்தப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கறேன். வேற ஆருகிட்டக் குடுக்கறது, அவதானே பக்கத்துல. இந்தத் தூக்கைச் சித்தப் புடிங்க, கால் மரத்துப்போச்சு. இல்ல வேண்டாம், நானே வெச்சுக்கறேன். இது எந்த ஸ்டாப்பு?

ஃபோன் அடிக்குது. இருங்க, சட்டை ஜோப்புலதானே வெச்சேன்... பாவாயிதான்.

சொல்லு பாவாயி. பஸ்ஸுல இருக்கறேன், சத்தமாச் சொல்லு... படுத்திருந்தா என்ன, அசை போட்டுட்டுப் படுத்திருக்கும்... போடலையா?... கழுத்தா? எந்தப் பக்கம்?... நேரா இழுத்து உட்டுப் பாரு... திரும்பவுமா? பாவாயி, காதைத் தொட்டுப் பாரு. நீ தொடு மொதல்ல, அப்பறம் பேசு. தொட்டியா?...

வெச்சுட்டா. இல்ல, நான்தான் வெச்சுட்டேன்.

தம்பி, சில்லுன்னு இருக்குதாம்.

அவ கண்ணா இருக்காதுங்க. மொத சொம்பு அவளுக்குத்தானே குடுத்தேன். தலை தட்டாம குடுத்தேன். அவ அழுவறாங்க, "நான் எதுவும் பாக்கலண்ணா, நான் எதுவும் நெனைக்கலண்ணா"ன்னு அழுவறா. போன வருசத்துல இருந்து வளவு பூராம் அவ கண்ணுதான்னு நான் சொல்லிட்டுத் திரிஞ்சது அவ காதுக்கும் போயிருக்குமுல்லங்க. அப்ப போன வருசமும்...

தம்பி, இந்த ரெண்டை அழுத்திப் புடிங்க. என்ற வெரல் அழுத்த மாட்டேங்குது. ரெண்டு, அந்த ரெண்டுதான். அடிக்குதுங்களா? குடுங்க.

அம்மிணி, மாமா பேசறேன். பஸ்ஸுல... உங்கூருக்குத்தான் வந்துட்டு... அம்மிணி, சுட்டி உக்காந்துருச்சு. கழுத்தை மடிச்சுக்குச்சாம். டாக்டர் நம்பர் எங்கிட்ட இல்லம்மா, நீதான் நோட்டுல... ஆமா. பாவாயிதான் இருக்கறா. சொல்லு... வாய்ல எதையும் ஊத்த வேண்டாம், மருந்து, தண்ணி எதுவும் ஊத்த வேண்டாம், பொரையேறிரும்... சரி. ரெண்டு பக்கமும் வெக்கப்புல்லு மூட்டை அண்டக் குடுத்து நிமுத்தி உக்கார வெக்கோணும், ஒருக்களிச்சுச் சாய உடக் கூடாது... நீயே பாவாயிக்குச் சொல்றியா? சரி. டாக்டருக்கும் நீயே... சரிம்மா. சரி.

எவ்வளவு கறந்தேன்னு கேக்கறா தம்பி.

டாக்டர் கேப்பாராம், சொல்லுங்க மாமாங்கறா. நாப்பது வருசமா நானா வழிய வழியச் சொல்லிட்டுத் திரிஞ்ச கணக்குங்க இது.

அம்மிணி... ஒட்டக் கறந்துட்டேன். நேத்துப் பொழுதோட பதினாறு சொம்பு. வெடியால ஒரு தூக்கு. ஒண்ணும் மிச்சம் வெக்கல. நான்தான். என்ற கைதான் அம்மிணி.

பதினாறு, ஒரு தூக்குன்னு திருப்பிச் சொல்லி எழுதிக்கறா தம்பி.

என்னம்மா? ... கண்ணுக்குட்டியா? காட்டினேனே. காட்டி, சொரந்ததும்... இழுத்துக் கட்டிட்டேன். நேத்தும் அப்படித்தான். அதுக்கு... சும்மா வாய் வெச்சுதும்மா, அவ்வளவுதான். ஒழுங்காக் குடிக்கல. ... சரி. சரிம்மா. எடுத்துட்டுப் போறேன். கொட்ட மாட்டேன்.

கெளம்பறாளுங்க. வண்டியை எடுத்துட்டு நேரா எங்கூட்டுக்குத்தான் போறா, நீங்க இங்க வர வேண்டாம், திரும்பிப் போங்கன்னுட்டா. எனக்காக வரலீங்க, எருமைக்காக வர்றா. வரட்டும். எதுக்கோ வரட்டும். எருமை எந்திரிச்சுருமுங்களா? போன வருசம் எந்திரிச்சுதுல்ல? டாக்டர் நேரத்துக்கு வந்தா எந்திரிச்சுரும், போன தடவையும் முக்கா மணி நேரந்தான் ஆச்சு. எந்திரிக்கோணும்.

கண்டக்டரே! நிறுத்தச் சொல்லுங்க! பிரிவு வரலைன்னா பரவால்ல, இங்கயே நிறுத்துங்க. அந்தப் பக்கம் எங்கூர் வழியாப் போற கோபி பஸ்ஸு எப்ப வரும்? எதாச்சும் வண்டியை மறிச்சு ஏறிக்கறேன். நிறுத்துங்க சாமி.

தம்பி, இதைச் சித்தப் புடிங்க, நான் எறங்கிக்கறேன். நான் புடிச்சுட்டு எறங்கினா சிந்திரும். வெதுவெதுன்னு பண்ணி, கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கோணும்னு சொல்லிருக்கறா. ரெண்டு கையும் போட்டுப் புடிங்க. சாய்க்காம குடுங்க. பாத்துங்க தம்பி, மெதுவா.

கண்ணுக்குட்டியோட பாலுங்க அது.